பதினேழாம் குழி

டிசம்பர் 11, திங்கள்

காலேஜ்ல கேக்குற ட்ரெய்னிங் டைரி வேற, இது வேற. அதுல இன்னிக்கு எழுதினது: "மில்லின் மின் விநியோக அமைப்பைப் பார்வையிட்டு அறிந்துகொண்டேன்." நிஜத்துல பார்வையிட்டது கேன்டீனை. எலக்ட்ரிக்கல் செக்ஷன்ல பத்து பேருக்கு டீ வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நானும் இன்பராஜும் ஆளுக்கு அஞ்சு கிளாஸ் தூக்கிட்டு வந்தோம். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ரெண்டு தொரைங்க.

மில்லு பேரை இங்க எழுதப் போறதில்ல. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கா பஞ்சம், அதுல ஏதோ ஒண்ணு. ரெண்டு வாரம் ட்ரெய்னிங்.

இங்க எங்களுக்கு எல்லாமே தாமோதரன் சார்தான். எலக்ட்ரிக்கல் மேனேஜர். "பேர் என்னப்பா?"ன்னார். "ஜெகதீசன் சார்." "மோட்டாரைத் தொட்டிருக்கியா?" "லேப்ல தொட்டிருக்கேன் சார்." "லேப்ல இருக்கிறதெல்லாம் மோட்டாரா?"ன்னு சிரிச்சார். எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா அவர் சொன்னது சரி. எங்க லேப்ல ரெண்டாவது வருஷம் ஒரு மோட்டார் புகைஞ்சதோட சரி, அதுக்கப்புறம் எதையும் ஓட்டல. எங்க காலேஜ்ல கிராஃப் முதல்ல, ரீடிங் அப்புறம். வளைவை அழகா வரைஞ்சுக்கணும், அதுக்கு ஏத்த நம்பரைப் பின்னாடி போட்டுக்கணும். எல்லாம் ஒரே சீரா இருந்தா சந்தேகம் வரும், நடுவுல ஒண்ணு ரெண்டு லேசா சறுக்கணும். இதுல கிளாஸ்லயே நான்தான் கில்லாடி. பொண்ணுங்க எல்லாம் என் ரெக்கார்டைத்தான் பாத்து எழுதும்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. படிச்ச படிப்புக்கு வேலை. எங்க காலேஜுக்கு வர்ற கம்பெனி எல்லாம் ஃபோன்ல பேசத்தான் ஆள் எடுக்குது. தாமோதரன் சார் மனசு வச்சா ட்ரெய்னிங் வந்த பசங்கள்ல ஒருத்தனை இங்கேயே எடுப்பாராம். அந்த ஒருத்தன் நானா இருக்கணும்.

டிசம்பர் 13, புதன்

கடைசில ஒரு வேலை குடுத்தாங்க. எர்த் குழி அளக்கிறது.

நாலு வருஷத்துல எனக்கு உருப்படியாப் புரிஞ்ச விஷயம் எர்த் ஒண்ணுதான். மோட்டார் உடம்புல கரண்ட் கசிஞ்சா, அது தொடுற ஆள் மேல ஏறாம மண்ணுக்குள்ள போறதுக்கு ஒரு வழி. மோட்டார்ல இருந்து ஒரு இரும்புப் பட்டை வரும், குழிக்குள்ள ஒரு குழாய்ல சேரும், குழாயைச் சுத்தி உப்பும் கரியும். வழி நல்லாருக்கான்னு கருவி வச்சு அளக்கணும். வழியோட தடை அஞ்சு ஓமுக்குள்ள இருந்தா நல்ல குழி. மேல போகப் போக மோசம்.

மொத்தம் இருபத்திரண்டு குழி. மூடியைத் திறக்கணும், பட்டையைக் கழட்டணும், பதினஞ்சு மீட்டர் தள்ளி ஒரு கம்பி, முப்பது மீட்டர் தள்ளி ஒரு கம்பி அடிக்கணும், கைப்பிடியைச் சுத்திக்கிட்டே முள்ளைப் பாக்கணும். கேக்கத்தான் சுளுவு. இந்த ஊர் மண்ணு மண்ணா அது? பாறை. சம்மட்டி எகிறி இன்பராஜ் முட்டியில பட்டுச்சு. கையெல்லாம் கொப்புளம். நாள் முழுக்க அளந்தது அஞ்சு குழி.

டிசம்பர் 14, வியாழன்

இன்னிக்கு ஆறு. மீதியும் முடிஞ்சது.

தண்ணி ரூம்ல வேலை பாக்குற வெள்ளத்தாய் அக்கா மோர் குடுத்தாங்க. நூல் அறுந்து போகாம இருக்கக் காத்துல ஈரம் கலந்து மில்லுக்குள்ள அனுப்புற ரூம் அது. எப்பப் பாத்தாலும் தரை நனைஞ்சு கிடக்கும். பெரிய பம்பு மோட்டார் ஒண்ணு ஓடுது. அங்கதான் பதினேழாம் குழி. அக்கா ஏதோ பேசிக்கிட்டு இருந்தாங்க. நாலேகாலுக்கு மில்லு பஸ்ஸு, ஓடிப் போய்ப் பிடிச்சோம்.

டிசம்பர் 15, வெள்ளி

ரிப்போர்ட் குடுத்தாச்சு. கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி, குழிக்கு ஒரு வரி, நிலம் காய்ஞ்சிருக்கா ஈரமான்னு ஒரு கட்டம், கீழ என் கையெழுத்து. தாமோதரன் சார் புரட்டிப் புரட்டிப் பாத்தார். "இவ்வளவு நீட்டா ஒரு ரிப்போர்ட் நான் பாத்ததில்லப்பா"ன்னார். இன்பராஜ் மூஞ்சியை உர்ருன்னு வச்சிருந்தான். பொறாமை.

பிப்ரவரி 8, வியாழன்

வேலை கிடைச்சிருச்சு! திங்கக்கிழமை மில்லுல இருந்து லெட்டர் வந்துச்சு. ட்ரெய்னி இன்ஜினியர், ஜூன் மூணாம் தேதி சேரணும். எங்க செட்டுல ஐம்பத்தெட்டு பேர். படிச்ச படிப்புக்கே வேலை வாங்கினது நான் மட்டும்.

துறைத் தலைவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். மூணு வருஷமா என் பேரே தெரியாத மனுஷன். காலேஜ் கேட்டுக்கு வெளிய ஃபிளெக்ஸ் வச்சிருக்காங்க, என் மூஞ்சி பஸ்ஸு சைஸுக்கு. அம்மா அதுக்கு முன்னாடி நின்னு ஃபோட்டோ எடுத்துத் தெரு முழுக்க அனுப்பிருச்சு. அப்பா லோடு வண்டி ஓட்டிட்டு வர்ற வழியில நிறுத்தி, இறங்கிப் பாத்துட்டு வந்தாராம். சாப்பிடும்போது, "ஷூ ஒண்ணு வாங்கணுமேடா"ன்னார்.

இன்பராஜ் வாழ்த்து சொன்னான். "ரிப்போர்ட் நல்லா வேலை செஞ்சுருச்சு மாப்ள"ன்னான். அவன் பேச்சு அப்படித்தான்.

ஏப்ரல் 10, புதன்

தாமோதரன் சார் ஃபோன் பண்ணினார். டிசம்பர்ல குடுத்த எர்த் ரிப்போர்ட் ஃபைல் இருக்கான்னு கேட்டார். அவர்கிட்ட இருக்கிற பேப்பர்ல டீ கொட்டிருச்சாம்.

"என்ன சார் திடீர்னு?"

"ஒண்ணுமில்லப்பா. தண்ணி ரூம்ல ஒரு பொம்பளைக்கு ஷாக் அடிச்சிருச்சு. வெள்ளத்தாய்னு பேரு. உயிருக்கு ஒண்ணுமில்ல, வலது கை கருகிருச்சு. ரெண்டு விரலை எடுக்கணும்ங்கிறாங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். எர்த் எல்லாம் பக்கான்னு உன் ரிப்போர்ட் சொல்லுதுல்ல? ஈரக் கையோட ஸ்டார்ட்டரைத் தொட்டிருக்கும். இதுகளுக்கு எத்தனை வாட்டி சொன்னாலும் தெரியாது."

சரி சார்னு வச்சுட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

அனுப்பிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

மேல டிசம்பர் பக்கத்தைப் பாத்தேன். "மீதியும் முடிஞ்சது." என் கையெழுத்துதான். யாரும் படிக்காத நோட்டுலயே இப்படி எழுதியிருக்கேன்னா என்னைய என்ன சொல்றது?

மீதி பதினொண்ணை அளக்கல. போட்டோம். 1.8, 2.3, 1.6, 2.1, நடுவுல சறுக்கலுக்கு ஒரு 3.4. பதினேழுக்கு 1.8. இன்பராஜ்தான் போதும்டான்னு சொன்னான். அவன் முட்டி வீங்கியிருந்துச்சு. நான் மட்டும் தனியா என்ன பண்ண முடியும்?

இதை அவன்கிட்டயே, அவன் ஹாஸ்டல் மெஸ்ஸுல போய்ச் சொன்னேன். தட்டை அப்படியே வச்சுட்டுப் பாத்தான். "டேய், நானா சொன்னேன்? நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாது?"ன்னான். தெரியாதுன்னேன். எந்திரிச்சுப் போயிட்டான். சோத்தைக்கூடத் தொடல.

ஏப்ரல் 21, ஞாயிறு

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியல.

வெள்ளத்தாய் அக்கா படுத்திருந்தாங்க. வலது கையில முழங்கை வரைக்கும் கட்டு. பக்கத்துல அவங்க வீட்டுக்காரர், மரம் அறுக்கிற ஆள், உக்காந்திருந்தார். என்னைப் பாத்ததும் அந்தக்கா முகம் மலர்ந்துச்சு பாருங்க, எனக்கு அப்படியே திரும்பி ஓடிறலாம்னு இருந்துச்சு.

"ஏங்க, நாஞ்சொன்னேன்ல, கருவி வச்சுப் பாத்த தம்பி. இவருதான்." அப்புறம் என்கிட்ட, "தம்பி, நீங்களே சொல்லுங்க. மோட்டாரைத் தொட்டாச் சுள்ளுங்குதுன்னு அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னேனா இல்லையா? மில்லுல நம்ப மாட்டேங்கிறாக. ஈரக் கையோட சுவிட்சைத் தொட்டேன்னு எழுதிட்டாக. நான் மோட்டாரை ஒட்டி இருக்கிற தண்ணி வால்வைத்தான் தம்பி தொட்டேன்."

எழுதித்தான் ஆகணும். அன்னிக்கு அந்தக்கா "ஏதோ" பேசல. இதைத்தான் பேசினாங்க. மோரை நீட்டிக்கிட்டே, "தம்பி, இந்த மோட்டாரு மேல கை வச்சாச் சுள்ளுங்குது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. இன்பராஜ் போதும்னு சொல்லல. "மாப்ள, இந்த ஒண்ணை மட்டும் அளந்துட்டுப் போயிருவோம், அந்தக்கா கேக்குதுல்ல"ன்னான். நான்தான் மணியைப் பாத்தேன். குழி மூடிக்கிட்டப் போய்க் குத்த வச்சு உக்காந்து, மூடியைக்கூடத் திறக்காம, கருவியோட முள்ளைப் பாக்குற மாதிரிப் பாத்துட்டு எந்திரிச்சேன். "பாத்துட்டேன்க்கா. நல்லாருக்கு"ன்னேன்.

இன்னொண்ணும் இருக்கு. வீட்டுக்காரர் கேட்டார், "நீதான் சாக்கு சுத்துன கட்டையாலதான வால்வைத் திருப்புவே, அன்னிக்கு ஏன் கையால தொட்டே?"ன்னு.

"தம்பிதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டாரே. படிச்ச புள்ள சொன்னப்புறம் எதுக்குன்னு கட்டையை விட்டுட்டேன். அப்பயும் எப்பவாச்சும் லேசா சுள்ளுங்கும். ஈரத்துக்கு அப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்."

ஆப்பிள் பையை அங்க வச்சுட்டு வந்தேனா, கையோட கொண்டுவந்து பஸ்ஸுல விட்டேனா, ஞாபகம் இல்ல.

மே 14, செவ்வாய்

கடைசிப் பரீட்சை. பதினாறு மார்க் கேள்வி: எர்த்திங் ஏன் அவசியம், படத்துடன் விளக்குக. மூணு பக்கம் எழுதினேன். படம் பிரமாதமா வந்துச்சு. மனுஷன் கையால மோட்டாரைத் தொடுற மாதிரி வரையணும். வரைஞ்சேன்.

ஜூன் 3, திங்கள்

வேலையில சேந்தாச்சு. புது ஷூ கடிக்குது. கேட்ல வாட்ச்மேன் "வாங்க சார்"ன்னார். டிசம்பர்ல இதே ஆள் என் பையைத் துழாவிப் பாத்தவர்.

ஜூன் 6, வியாழன்

யாரும் சொல்லல, நானாவே நாலு நாளா எல்லாக் குழியையும் அளந்தேன். கம்பி அடிக்க ஒரு ஹெல்ப்பரைக் கூட்டிக்கிட்டேன்.

பதினேழாம் குழியில புதுக் கரி, புது உப்பு, போல்ட்டு பளபளன்னு மின்னுது. மத்த குழியில எல்லாம் துரு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டாங்க. 1.2 காட்டுது. மில்லுலயே நல்ல குழி இப்ப அதுதான். பழைய பட்டை செவுத்து ஓரமா கிடந்துச்சு, அரிச்சுப் போய் ரெண்டு துண்டா. மூடியைத் திறந்திருந்தா அளக்கக்கூட வேண்டியதில்ல. கண்ணு இருந்தாப் போதும்.

நான் நம்பர் போட்ட மத்த பத்துல ஒன்பது தேவலாம். இருபதாம் குழியில முள்ளு எல்லையைத் தாண்டி நிக்குது, கீழ இறங்கவே இல்ல. அது பஞ்சைக் கோதுற மெஷினோட குழி. மூணு ஷிப்டும் பொண்ணுங்க நிக்கிற இடம்.

ஜூன் 7, வெள்ளி

தாமோதரன் சார் ரூமுக்குப் போய் நிஜ ரீடிங்கை எல்லாம் மேஜை மேல வச்சேன். சொல்லிப் பாத்துக்கிட்டேதான் போனேன்.

"சார், டிசம்பர்ல பதினொண்ணுதான் அளந்தோம். மீதியை நானாப் போட்டேன். பதினேழும் அதுல ஒண்ணு."

டீ கிளாஸை அவர் கீழகூட வைக்கல. "தெரியும்."

"சார்?"

"இருபத்திரண்டு குழியை ரெண்டு நாள்ல ரெண்டு பசங்க எப்படிப்பா அளப்பீங்க? நான் என்ன குருடனா? ஆனா என்னமா போட்டிருந்த! ஒரு நம்பர்கூடக் கண்ணை உறுத்தல. அதுக்காகத்தான் உன்னை எடுத்தேன்."

நான் இத்தனை நாளா எதைத் தெறமைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனோ, அதைத்தான் அவரும் தெறமைன்னு பாத்திருக்கார். ஃபிளெக்ஸ் வச்சது அதுக்குத்தான்.

"இருபதாம் குழி சார்..."

"அந்தப் பொம்பளை விசாரணை முடியட்டும். இப்பப் போய் அதைத் தோண்டினா, அப்ப பதினேழு எப்படி இருந்துச்சுன்னு எவனாச்சும் கேப்பான்." பேப்பரை டிராயர்ல போட்டு மூடினார். "பன்னெண்டாம் தேதி உன்னைக் கூப்பிடுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. சின்ன வயசு உனக்கு. இதை விட்டுட்டா எங்க போவே?"

ஜூன் 12, புதன்

மில்லு ஆபீஸ்லயே விசாரணை நடந்துச்சு. மில்லு வக்கீல், பெர்சனல் மேனேஜர், தாமோதரன் சார் ஒரு பக்கம். வெள்ளத்தாய் அக்காவும் வீட்டுக்காரரும் இன்னொரு பக்கம். நான் கதவுகிட்ட. எர்த் கெட்டுப் போயிருந்துச்சுன்னா மில்லு மேல தப்பு, அந்தக்காவுக்கு வேற வேலை குடுத்து வச்சுக்கணும். எர்த் நல்லாருந்துச்சுன்னா அந்தக்கா மேல தப்பு, வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

வக்கீல் என் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். "இதை அளந்து எழுதினது நீங்கதானே?"

அளந்து, எழுதினது. ரெண்டும் ஒரே கேள்வியில. எழுதினது நான்தான்னு மட்டும் சொல்லிறலாமான்னு யோசிச்சேன். அங்க நின்னுக்கிட்டுக்கூட அப்படித்தான் புத்தி போச்சு.

அந்தக்கா முந்திக்கிட்டாங்க. எனக்கு உதவி பண்றதா நினைச்சு.

"தம்பிதாங்க பாத்தாரு. என் கண்ணு முன்னாடி குத்த வச்சு உக்காந்து பாத்தாரு. நல்லாருக்குன்னு என்கிட்டயே சொன்னாரு. தம்பி மேல ஒண்ணும் தப்பில்லைங்க."

வக்கீல் எழுதிக்கிட்டார். "எர்த் நல்லாருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. நல்லது. தம்பி, நீங்க?"

"ஆமா சார். அளந்தேன்"னு சொன்னேன்.

நான்தான் சொன்னேன். சும்மா நின்னிருந்தாக்கூட வேலை முடிஞ்சிருக்கும். அப்படியும் சொன்னேன்.

அந்தக்கா இடது கையால ரேகை வச்சாங்க. வெளிய வந்ததும் கேட்டுகிட்ட என்னைக் கூப்பிட்டாங்க. அழுவாங்க, திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். "தம்பி, உள்ள மத்த புள்ளைக வேலை பாக்குதுக. அந்த மெஷினையெல்லாம் ஒருவாட்டி பாத்துச் சொல்லிருங்க. நீங்க சொன்னா நம்பித் தொடுவாளுக"ன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் மட்டும் என்னை ஒரு பார்வை பாத்தார். அவருக்குப் புரிஞ்சிருச்சுன்னு நினைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

காலையில போனதும் பஞ்சைக் கோதுற மெஷினோட ஃபியூஸைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டேன். மெஷின் நின்னுச்சு. பத்தே நிமிஷம், எலக்ட்ரீஷியன் வேற ஃபியூஸ் மாட்டி ஓட விட்டுட்டார். "என்ன சார், விளையாடுறீங்களா?"ன்னார்.

அதுக்கப்புறம் நேரா மெஷினுக்கே போனேன். கலாமணின்னு ஒரு பொண்ணு, இருபது வயசுதான் இருக்கும், தலையெல்லாம் பஞ்சோட நின்னுச்சு. சுத்தி நாலஞ்சு பேர். அந்த இரைச்சல்ல காதுகிட்டப் போய்ப் பேசினாத்தான் கேக்கும். "இதுக்கு எர்த் இல்ல. மெஷினை நிறுத்தச் சொல்லுங்க. வெறுங்கையால தொடாதீங்க"ன்னேன். பக்கத்துல இருந்த பொண்ணுங்களும் கையை எடுத்துட்டுத் தள்ளி நின்னாங்க. ஜன்னல் வழியா தாமோதரன் சார் வர்றது தெரிஞ்சுச்சு.

கலாமணி என்னையே பாத்துச்சு. என் காதுகிட்ட வந்து கத்துச்சு.

"அப்ப வெள்ளத்தாய் அக்காகிட்ட மட்டும் ஏன் சார் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

"அளக்காமச் சொன்னேன்"னேன்.

கேக்கலைன்னு காதுல கையை வச்சுக் காட்டுச்சு. மத்த பொண்ணுங்களும் கிட்ட வந்துட்டாங்க. தாமோதரன் சார் கதவைத் திறந்துட்டார்.

கத்திச் சொன்னேன். "நான் அளக்கல. அளக்காமச் சொன்னேன்."